ஹோமில் மாத்திரைக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள்: போடுவதா, மறுப்பதா, காத்திருப்பதா?

கேரள எல்லையோரம் இருக்கிற கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்திலிருந்து கொஞ்ச நாளாகவே ஒரே கேள்வி வந்துகொண்டிருக்கிறது. "அம்மாவுக்கு மறதி நோய். பாலக்காட்டுப் பக்கம் ஒரு முதியோர் ஹோமில் விட்டிருக்கிறோம். ராத்திரி தூங்குவதில்லை, ஒரே பகளம் (கூச்சல், ரகளை) என்று மனநல மாத்திரை தரப் போகிறார்களாம். சம்மதக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?" இன்னொருவர் கேட்டது இன்னும் சுருக்கம்: "போடாவிட்டால் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?"

என் அம்மாவுக்காக நானும் அப்படி ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மலையாளத்தில் அச்சடித்த சம்மதபத்ரம். நான் தமிழ் மீடியத்தில் படித்த ஆள். மலையாளம் பேசுவேன், பஸ் போர்டு படிப்பேன், அதற்கு மேல் ஓடாது. ஆபீசில் இருந்த பெண் விரல் வைத்த இடத்தில் போட்டுக் கொடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தேன். மூன்று வாரம் கழித்துப் போனபோது அம்மா நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். வாயோரம் எச்சில். அதுவரை என்னைப் பார்த்தால் "யாரு?" என்றாவது கேட்பார். அன்றைக்கு அதையும் கேட்கவில்லை.

அப்புறம்தான் என்ன மாத்திரை என்று கேட்டேன். கேட்க வேண்டிய வரிசை தலைகீழாகிவிட்டது. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

## முதலில், அது என்ன மாத்திரை?

ஹோமில் "தூக்க மாத்திரை", "அமைதியா இருக்க ஒரு சின்ன மாத்திரை" என்றுதான் சொல்வார்கள். சீட்டைக் கேட்டு வாங்கிப் பெயரைப் பாருங்கள். ரிஸ்பெரிடோன், குயடியாபைன், ஓலான்சபைன், ஹாலோபெரிடால் என்று இருந்தால் அவை மனச்சிதைவு போன்ற நோய்களுக்காக வந்த மருந்துகள். லோராசிபாம், குளோனசிபாம் என்றால் மயக்கம் தரும் வகை. வயதானவர்களுக்கு இவற்றால் தடுமாற்றமும் விழுவதும் அதிகம். கூடவே டிரைஹெக்ஸிஃபெனிடில் என்று ஒன்று இருந்தால், முதல் மருந்தால் வரும் விறைப்பைக் குறைப்பதற்காகச் சேர்த்தது. அதுவே ஞாபகத்தை இன்னும் மங்கச் செய்யும்.

முதல் வகைக்கு ஒரு பெரிய எச்சரிக்கை உண்டு. டிமென்ஷியா (மறதி நோய்) உள்ள முதியவர்களிடம் நடந்த 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, 2005இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த எச்சரிக்கையை மருந்து விவரத் தாளில் கட்டம் கட்டி அச்சிடச் சொன்னது. சுமார் பத்து வாரத்தில், மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 100க்கு 2.6 பேர் இறந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 4.5 பேர். பெரும்பாலும் இதயக் கோளாறு, இல்லையென்றால் நிமோனியா போன்ற தொற்று. 2008இல் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளுக்கும் அதே கட்டம் வந்தது.

அதனால் இந்த மருந்தே விஷம் என்று நான் சொல்லவில்லை. இல்லாத ஆட்களைப் பார்த்து மிரண்டு, சோறு தண்ணீர் எடுக்காமல், கிட்டே வருகிறவர்களை அடித்துத் தானும் காயப்படுகிற ஒருவருக்கு இது நிம்மதி தரலாம். ஆனால் கொடுக்கிற அளவுக்குத் தேவை இருக்கிறதா? பிரிட்டனில் அரசுக்காக 2009இல் வந்த அறிக்கை, அந்நாட்டில் ஆண்டுக்கு 1,80,000 டிமென்ஷியா நோயாளிகள் இவற்றைச் சாப்பிடுவதாகவும், பலன் பெறுகிறவர்கள் 36,000 பேர்தான் இருக்கும் என்றும் கணக்கிட்டது. ஐந்தில் ஒருவர்.

## எதை வைத்து முடிவு செய்வது?

நான் ஐந்து கேள்விகளை வைத்துத்தான் ஒவ்வொரு வழியையும் பார்க்கிறேன்.

ஒன்று, மாத்திரை யாருடைய கஷ்டத்துக்கு? அம்மா தவிக்கிறாரா, அல்லது ராத்திரி டியூட்டியில் ஆள் போதவில்லையா?

இரண்டு, அம்மாவிடம் கேட்டார்களா? இதை யாருமே நினைப்பதில்லை, நானும் நினைக்கவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம், நோய்ப் பெயரை வைத்து ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்ல விடுவதில்லை. சொல்வது புரிகிறதா, சம்மதித்தால் என்ன, மறுத்தால் என்ன என்று தெரிகிறதா, பேச்சாலோ முகக்குறிப்பாலோ சைகையாலோ பதில் சொல்ல முடிகிறதா என்றுதான் பார்க்கச் சொல்கிறது. விளக்கமும் அவருக்குப் புரிகிற மொழியில், புரிகிற விதத்தில் இருக்க வேண்டும். மாத்திரையைத் துப்பினால் அதுவும் ஒரு பதில்தான். மறதி நோய்க்காரர்கள் பலர் காலையில் தெளிவாகவும் பொழுது சாயும்போது குழப்பமாகவும் இருப்பார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மலையாளத்தில் கேட்டுவிட்டு "ஒண்ணும் புரியலை" என்று எழுதிவிட்டால் அது கேட்டதாகாது.

மூன்று, ஆபத்து எவ்வளவு? நான்கு, எப்போது நிறுத்துவது என்று யாராவது சொன்னார்களா? ஐந்து, வெளியே தெரியாத செலவு என்ன?

| வழி | அம்மாவுக்கு ஆபத்து | உங்கள் தலையில் விழுவது | எப்போது பொருந்தும் |
|---|---|---|---|
| எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து | அதிகம், கணக்கே இருக்காது | அன்றைக்கு ஒன்றுமில்லை, பின்னால் நிறைய | முதலுதவி, காய்ச்சல் போன்ற சாதாரண சிகிச்சைக்கு மட்டும் |
| அடியோடு மறுப்பது | தவிப்பு நீடிக்கலாம் | வேறு இடம் தேடும் அலைச்சல் | முன்பு இதே மருந்தால் கெடுதல் வந்திருந்தால் |
| காரணம் தேடிச் சில வாரம் காத்திருப்பது | குறைவு, உடனடி அபாயம் இல்லாதவரை | நேரம், தூக்கம், கூடுதல் ஆள் செலவு | பெரும்பாலான குடும்பங்களுக்கு |
| ஒரு மருந்துக்கு, கெடு வைத்துக் கையெழுத்து | இருக்கிறது, கண்காணிப்போடு | கெடு நாளில் நேரில் போவது | தேடியும் தீராத கடும் தவிப்புக்கு |

## வழி 1: சேர்க்கும்போதே எல்லாவற்றுக்கும் கையெழுத்து

"தேவையான எந்தச் சிகிச்சையும் தரலாம்" என்று ஒரு வரி. சேர்க்கிற நாளில், பெட்டியும் போர்வையுமாக நிற்கும்போது, அட்வான்ஸ் ரசீதோடு சேர்த்து நீட்டுவார்கள். யாருக்கும் படிக்கத் தோன்றாது.

சட்டப்படி சம்மதம் என்பது குறிப்பிட்ட ஒரு சிகிச்சைக்கு, அதன் நன்மை, ஆபத்து, வேறு வழி எல்லாம் சொல்லப்பட்ட பிறகு கொடுப்பது. 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஒன்றுக்கு வாங்கிய சம்மதத்தை வைத்து இன்னொன்றைச் செய்ய முடியாது என்றது. முதியோர் இல்லங்கள் வேறு வேறு சட்டங்களின் கீழ்ப் பதிவாகியிருக்கும். ஆனால் மருந்து எழுதுகிறவர் டாக்டர், கேட்டுச் சம்மதம் வாங்குவது அவர் பொறுப்பு. பொதுப்படையான ஒரு வரி அந்த இடத்தை நிரப்பாது.

மறைந்திருக்கும் செலவு விழுவதில் இருக்கிறது. மயக்கத்தில் எழுந்து பாத்ரூமுக்குப் போகும்போது இடுப்பு எலும்பு உடைந்தால் ஆபரேஷன், படுக்கை, புண் என்று போகும். அதையெல்லாம் யாரும் மாத்திரைக் கணக்கில் எழுதுவதில்லை.

இந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்றால், "மனநல மருந்துகளுக்கு இது பொருந்தாது, அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்" என்று கையால் தமிழிலேயே எழுதிவிட்டு அதன் கீழே போடுங்கள். எழுதிய பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

## வழி 2: முடியவே முடியாது என்று மறுப்பது

இந்தக் கோபம் எனக்குப் புரியும், எனக்கும் வந்தது. லூயி பாடி என்ற வகை டிமென்ஷியா என்று டாக்டர் சொல்லியிருந்தால் இந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. அவர்களுக்கு ஹாலோபெரிடால் போன்றவை கடுமையான விறைப்பையும் உயிராபத்தையும்கூடக் கொண்டுவரலாம். அந்த நோய்ப் பெயரைச் சீட்டின் மேலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கு, காரணத்தையும் தேடாமல் மருந்தையும் மறுத்தால் அம்மாவின் தவிப்பு அப்படியே நிற்கும். வீட்டுக்குக் கூட்டி வந்தால் பார்த்துக்கொள்வது யார்? பெரும்பாலும் மகளோ மருமகளோ. அவர் வேலையை விடுவதும், அவர் முதுகு போவதும் யாருடைய கணக்கிலும் வராது. ஏற்கெனவே மருந்து ஓடிக்கொண்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

## வழி 3: முதலில் காரணத்தைத் தேடுவது

என் மனசு இந்த வழியில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அம்மாவின் மருந்தை டாக்டர் குறைக்க ஆரம்பித்த பிறகு, ஹோமில் கெஞ்சி அனுமதி வாங்கி ஒரு ராத்திரி அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தேன். சரியாக நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்தார். அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்தார். முந்தியை இடுப்பில் செருகினார். காலால் தரையில் செருப்பைத் துழாவிக்கொண்டே, "மாடு கத்துது, தீவனம் வெச்சியா கண்ணு?" என்றார். நாற்பது வருஷம் நாலு மணிக்கு எழுந்து கட்டுத்தறிக்குப் போய்ப் பால் கறந்தவர். "வெச்சாச்சும்மா" என்றேன். அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஹோமின் நோட்டில் முந்தின வாரம் முழுக்க அந்த நேரத்துக்கு எதிரே எழுதியிருந்தது ஒரே விஷயம்: நாலு மணிக்கு எழுந்து பகளம். ராத்திரி டியூட்டியில் இருந்தது ஒடிசாவிலிருந்து வந்த சின்னப் பெண். பாவம், வேலைக்கு வந்த பிறகு மலையாளம் கற்றுக்கொண்டவள். அவளுக்குக் "கட்டுத்தறி" என்றால் என்ன தெரியும்? அம்மா கதவைத் தள்ள, அவள் பிடித்து இழுக்க, சத்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் மாத்திரை. அம்மா சொசைட்டிக்குப் பால் ஊற்றிய காலமெல்லாம் மலையாளத்தில் கணக்குப் பேசியவர்தான். நோய் முதலில் கொண்டுபோனது பின்னால் கற்ற மொழியை. எல்லையில் இருக்கிற நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு இதுதான் நடக்கிறது.

அப்புறம் நாலு மணிக்கு ஒரு டம்ளர் காபி, வராந்தாவில் ரெண்டு நடை, கழுவுவதற்கு ஒரு சொம்பு என்று ஏற்பாடு செய்தோம். எல்லா நாளும் பலிக்கவில்லை. சில நாள் அழுதார். ஆனால் யாரும் அவரைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கவில்லை.

தெரிந்த ஒருவரின் அப்பா ஹோமில் "வெளிக்குப் போகோணும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். வாசலுக்குப் போக நினைக்கிறார் என்று நினைத்துக் கேட்டைப் பூட்டியிருக்கிறார்கள். மனுஷனுக்கு நான்கு நாளாக மலச்சிக்கல். அதற்கு மருந்து கொடுத்ததும் கத்தலும் நின்றது.

அதனால் தேடும்போது முதலில் உடம்பைப் பாருங்கள்: வலி, மலச்சிக்கல், மூத்திரத் தொற்று, பல், காது, புதிதாகச் சேர்ந்த மருந்து. நேற்றுவரை நன்றாக இருந்தவர் திடீரென்று குழம்பினால் அது பெரும்பாலும் மறதி நோய் முற்றியதாக இருக்காது, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டிய வேறு நோய். வலி என்று சொல்லத் தெரியாதவர்கள் வலியைக் கோபமாகக் காட்டுவார்கள். நார்வேயில் 18 நர்சிங் ஹோம்களில் 352 பேரிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. படிப்படியாக வலிக்கு மருந்து கொடுத்ததில் (பலருக்கு வெறும் பாரசிட்டமால்தான்) எட்டு வாரத்தில் கிளர்ச்சி 17 சதவீதம் குறைந்தது.

இந்த வழிக்கும் செலவு உண்டு. லீவு போட வேண்டும், ரெண்டு மூன்று தடவை பஸ் ஏற வேண்டும், தமிழ் தெரிந்த ஆளைத் தனியாக வைத்தால் ஹோம் பில்லோடு அதுவும் சேரும். தினசரி நோட்டு எழுதச் சொன்னால் சில ஹோம்களில் முகம் சுளிப்பார்கள். நாம் தமிழில் பத்து வார்த்தை எழுதி, அர்த்தத்தை மலையாளத்தில் ஒருவரை எழுத வைத்து, கட்டில் பக்கத்தில் ஒட்டிவிட்டு வரலாம். அதற்குக் காசு ஆகாது.

காத்திருக்கக் கூடாத நேரமும் இருக்கிறது. தனக்கோ பிறருக்கோ உடனடி ஆபத்து என்றால் காரணம் தேடிக்கொண்டிருக்க முடியாது. அந்த மாதிரி அவசரத்தில் சிகிச்சை தரச் சட்டமே இடம் கொடுக்கிறது, அதிகபட்சம் 72 மணி நேரம். அதற்குள் முறையாகப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

## வழி 4: ஒரு மருந்துக்கு, கெடு வைத்து

தேடிப் பார்த்தாகிவிட்டது, அம்மா இன்னும் மிரண்டுகொண்டும் அடித்துக்கொண்டும் இருக்கிறார் என்றால், கையெழுத்துப் போடுங்கள். மனசு உறுத்த வேண்டியதில்லை. ஆனால் இந்த மாதிரி எழுதிப் போடுங்கள்:

"என் அம்மாவுக்கு (இன்ன) மருந்து, (இத்தனை) மில்லிகிராம், (இன்ன) தொந்தரவுக்காகத் தரச் சம்மதிக்கிறேன். அம்மாவிடம் தமிழில் சொல்லிக் கேட்டாகிவிட்டது, அவர் காட்டிய பதில் (இது). இந்தச் சம்மதம் ஆறு வாரத்துக்கு மட்டும். மருந்தையோ அளவையோ மாற்றினால் மறுபடி கேட்க வேண்டும்."

ஆறு வாரம் என்பது நான் சும்மா சொன்னதில்லை. பிரிட்டனின் 2018 வழிகாட்டுதல், குறைந்த அளவில், குறைந்த காலத்துக்குக் கொடுத்து, ஆறு வாரத்துக்கு ஒரு தடவையாவது தேவைதானா என்று பார்க்கச் சொல்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2016 வழிகாட்டுதல்படி, சரியான அளவில் நான்கு வாரம் கொடுத்தும் பலன் இல்லையென்றால் குறைத்து நிறுத்த வேண்டும். பலன் இருந்தாலும் நான்கு மாதத்துக்குள் ஒரு தடவை குறைத்துப் பார்க்க வேண்டும். ரிஸ்பெரிடோன் என்றால் பெரும்பாலும் 0.25 மில்லிகிராமில் ஆரம்பிப்பார்கள். சீட்டில் முதல் நாளே பெரிய எண் இருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

இதில் மறைந்திருக்கும் செலவு, கெடு நாளில் நீங்கள் போயாக வேண்டும் என்பது. போகாவிட்டால் ஆறு வாரம் ஆறு மாதமாகும், அப்புறம் அது வழக்கமாகிவிடும். நிமிர்ந்து உட்கார்கிறாரா, விழுங்கும்போது இருமுகிறாரா, நடை குறுகிவிட்டதா என்று நேரில் பாருங்கள். கோயம்புத்தூரில் ஒரு டாக்டர், ஹோமுக்கு வரும் டாக்டர் ஒருவர் என்று ரெண்டு சீட்டு ஓடுகிற குடும்பங்கள் எல்லையில் நிறைய. ரெண்டு பேரும் தூக்கத்துக்கு ஆளுக்கொன்று எழுதியிருப்பார்கள். ரெண்டு சீட்டையும் ஒரே டாக்டரிடம் காட்டுங்கள்.

மாத்திரையைப் பூவன் பழத்துக்குள் ஒளித்துக் கொடுக்கலாமா என்றும் சிலர் கேட்டிருந்தீர்கள். அம்மாவிடம் கேட்கவே கேட்காமல் பழத்துக்குள் ஒளித்துவைத்தால், அவர் சொல்லக்கூடிய ஒரே "வேண்டாம்" என்பதையும் பிடுங்கிக்கொள்கிறோம். முடிவெடுக்கும் திறன் இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொல்லி, எழுத்தில் பதிந்து, குடும்பமும் ஒப்புக்கொண்ட பிறகு, வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான் அதை நான் ஏற்பேன். சில மாத்திரைகளைப் பொடிக்கவும் கூடாது, மருந்துக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

"போடாவிட்டால் கூட்டிப்போ" என்று மிரட்டினால் அன்றைக்கே பதில் சொல்ல வேண்டியதில்லை. சிகிச்சை விவரத்தை எழுத்தில் கேளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம். முதியோருக்கான உதவி எண் 14567. ஹோம் இருப்பது கேரளத்தில் என்றால் அங்குள்ள மனநல ஆணையமும் மறுஆய்வு வாரியமும்தான் பொறுப்பு. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் மனு கொடுத்து அலையாதீர்கள்.

## நோய் முற்றாதவர்கள் வீட்டில் இருந்தால்

இது என் அம்மாவுக்குக் கிடைக்காத வழி. அதே 2017 சட்டத்தின்படி, தனக்காகப் பேச ஒருவரை இப்போதே நியமித்து வைக்கலாம். நியமனப் பிரதிநிதி என்பார்கள். அதற்கு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். யாரையும் நியமிக்காவிட்டால் உறவினர், அவரும் இல்லாவிட்டால் பார்த்துக்கொள்கிறவர் என்று வரிசை போகும். நாலு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் யார் அந்த உறவினர் என்பதிலேயே சண்டை வரும். பிரதிநிதி தன் இஷ்டத்துக்கு முடிவெடுக்க முடியாது, நோயாளியின் விருப்பத்தையும் அவர் வாழ்ந்த வாழ்க்கையையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும் சட்டத்தில் தனியாக இடம் உண்டு. அதைச் சாட்சியோடு முறைப்படி செய்ய வேண்டும்.

எங்கள் சித்தப்பாவுக்குப் போன வருஷம்தான் மறதி ஆரம்பித்திருக்கிறது என்று சொன்னார்கள். ஒரு காலை நேரத்தில், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சித்தியைப் பிரதிநிதியாகப் போடச் சொன்னார். கையெழுத்துப் போடப் போனவர் பேனாவை நிறுத்தி, இன்னொரு வரி சேர்க்கச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்: "எந்த மாத்திரை குடுக்கறதா இருந்தாலும் எங்கிட்ட தமிழ்ல சொல்லிட்டுக் குடுக்கோணும். எனக்குப் புரியலைன்னாலும் சொல்லோணும்."